எந்தக் கடைப்பா?

போன சனிக்கிழமை என் மனைவிக்கு டூட்டி. நர்ஸ் வேலையில் இருப்பவர்களுக்குச் சனி, ஞாயிறெல்லாம் காலண்டரில் பார்ப்பதோடு சரி. தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. "கூட்டம் ஏறுறதுக்குள்ள பிள்ளைகளுக்காவது எடுத்துட்டு வந்துருங்க" என்று சொல்லி, மளிகைக்கடைச் சீட்டின் பின்பக்கம் நாலு வரி எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பெரியவளுக்குப் பாவாடை சட்டை. சின்னவனுக்குச் செருப்பு. அஞ்சு லிட்டர் குக்கருக்கு கேஸ்கட். அரை இஞ்ச் எலாஸ்டிக் ரெண்டு மீட்டர். அதற்கும் கீழே, கோடு போட்டு: 'பொம்மை வேண்டாம்.'

அந்தக் கடைசி வரி பிள்ளைகளுக்கு இல்லை, எனக்கு.

பெரியவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. சின்னவனுக்கு நாலு முடிந்து மூன்று மாதம். மதுரை பழங்காநத்தத்தில் டவுன் பஸ் ஏறினோம். மூன்று பேரில் காசு கொடுத்தது நான் ஒருத்தன்தான். 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அதில் பெரியவளும் சேர்த்தி. அஞ்சு வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம் என்று 2022-ல் சொல்லிவிட்டதால் சின்னவனும் தப்பித்தான். ஆனால் அக்காவுக்கு மட்டும் கண்டக்டர் ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தார், தனக்குக் கொடுக்கவில்லை என்று பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அழுதுகொண்டே வந்தான். என் டிக்கெட்டைக் கொடுத்துப் பார்த்தேன். "இது வேற கலரு" என்று தூக்கிப் போட்டுவிட்டான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த வரம்பு மூன்று வயது. ஐந்து வயதுப் பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கால் தரையைத் தொடப்போகிற நிலையில், "மூணுதான் ஆகுது" என்று சொன்ன எங்கள் அம்மாவை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்டக்டர் சிரித்துக்கொண்டே என்னிடம், "தம்பி, எந்த கிளாஸ் படிக்கிற?" என்றார். "ஒண்ணாவது போகப் போறேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அம்மா அரை டிக்கெட் எடுத்தார். இறங்கியதும் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால் நம் வாயில் என்ன வருகிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைக்கவில்லை.

பெரியாரில் இறங்கி, டி.எம். கோர்ட் முக்கு வந்து, தெற்கு மாசி வீதிக்குள் நுழைந்தோம். இரண்டு பிள்ளைகளோடு கடைக்குப் போகிறவனுக்கு இரண்டு கையும் போய்விடும். பை தோளில்தான் தொங்க வேண்டும். யாரோ ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலையோடு கொடுத்த மஞ்சப்பை, ரெண்டு காதையும் சேர்த்துத் தோளில் மாட்டியிருந்தேன். சின்னவன் சட்டைப் பாக்கெட்டில் என் போன் நம்பர் எழுதின துண்டுச் சீட்டு. தீபாவளி நெருங்கிவிட்டால் விளக்குத்தூண் பக்கம் போலீஸ்காரர்கள் உயரமாக மேடை போட்டு நின்றுகொண்டு, "பிள்ளைகளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த மைக்கில் என் மகன் பெயரைக் கேட்கும் யோகம் எனக்கு வேண்டாம் என்றுதான் ஐந்து வாரம் முன்னாலேயே கிளம்பியது.

"ஏம்ப்பா மாசி வீதி?"

பெரியவள் இப்போதுதான் போர்டு எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரம் சதுரமாக இருப்பதையும், அந்தந்த மாசத் திருவிழாவில் சாமி அந்தந்த வீதியில் சுற்றியதால் அந்தப் பெயர் என்பதையும் சொன்னேன்.

"அப்ப மாசி மாசம்தான் இங்க தேர் வருமா?"

"இல்லம்மா, சித்திரையிலதான்."

"அப்ப சித்திரை வீதில?"

சித்திரைத் தேர் மாசி வீதியில்தான் ஓடுகிறது. மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேர் ஓட அகலமான தெரு வேண்டுமே, அதனால் தேரோட்டம் மட்டும் பழையபடி மாசி வீதியிலேயே இருந்துவிட்டது என்று மதுரையில் சொல்வார்கள். இதை ஏழு வயதுக்கு ஏற்ற மாதிரி உடைத்துச் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "தெருப் பேரே பொய் சொல்லுதுப்பா" என்றாள்.

அப்போது நான் சிரித்தேன்.

முதலில் செருப்பு. மாலை ஆக ஆகச் சின்னவன் காலைத் தொடவிட மாட்டான், அதனால் அவன் வேலையை முதலில் முடிப்பது என் வழக்கம். கடைக்காரர் காலைப் பார்த்த உடனே, "ரெண்டு நம்பர் பெருசாவே எடுத்துக்கங்கண்ணே, வளர்ற பிள்ளை" என்றார். துணியில் இது நடக்கும். பாவாடையை உள்ளே மடித்துத் தைத்துப் போட்டு வருஷத்துக்கு ஒரு மடிப்பாக அவிழ்த்துவிடலாம், எங்கள் அக்காமார் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தார்கள். செருப்பை எங்கே மடிப்பது? பெரிய செருப்பு போட்ட பிள்ளை படியில் தடுக்கி விழும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிற அளவு எடுத்தேன். அவனுக்கு மிதித்தால் லைட் எரிகிற செருப்புதான் வேண்டும். ஒரு வாரத்தில் ஒரு காலில் மட்டும் எரியும், அப்புறம் அந்த ஒரு கால் ஏன் எரியவில்லை என்று தினமும் நான் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தேதான் எடுத்தேன்.

விலை 320 என்றார். நான் வழக்கம்போல முகத்தைச் சுளித்து, "என்னாண்ணே, அங்கிட்டு 250-க்கே தர்றாங்க" என்றேன்.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் கடைப்பா? நம்ம இப்பத்தான வந்தோம்?"

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அன்றைக்கு நல்ல நேரம். நான் 320 ரூபாயை முழுசாகக் கொடுத்தேன். வெளியே வந்து, "அது சும்மா சொல்றதுடா, அப்படிச் சொன்னாத்தான் குறைப்பாங்க" என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது என்னவோ போல இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இந்த மாதிரி மாட்டிக்கொள்வது முதல் தடவை இல்லை. ஜூன் மாதம் ஸ்கூல் திறக்கும்போது நோட்டு வாங்கப் போனோம். சின்னவன் ஒரு ஹெலிகாப்டரைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். "அப்பாட்ட காசு இல்லப்பா" என்றேன். எங்கள் அப்பா என்னிடம் சொன்ன அதே வசனம். அவர் சொல்லும்போது சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவார். உள்ளே ஒரு பஸ் டிக்கெட்டும் சீப்பும்தான் இருக்கும், அதற்கு மேல் யாரும் பேச முடியாது. என் மகன் என் பாக்கெட்டைப் பார்த்து, "போன்ல இருக்குல்ல" என்றான். பெரியவள் கடைக்காரரின் கியூஆர் அட்டையைக் காட்டி, "ஸ்கேன் பண்ணுப்பா" என்றாள்.

யுபிஐ வந்தது 2016-ல். என் பிள்ளைகள் இரண்டும் அதற்குப் பிறகு பிறந்தவை. காசு தீரும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. அட்டை மேல் போனைக் காட்டினால் ஒரு சின்னப் பெட்டி வாய்விட்டு இத்தனை ரூபாய் வந்தது என்று சொல்லும், சாமான் நம் கைக்கு வந்துவிடும். சின்னவன் அந்தப் பெட்டி பேசுவதைக் கேட்பதற்கென்றே இன்னொன்று வாங்கச் சொல்லுவான். இவனிடம் போய் எந்தப் பையை வெளியே இழுத்துக் காட்ட?

அதனால் இந்தத் தடவை ஒரு ஏற்பாடு செய்தேன். கிளம்பும் முன்னால் பெரியவளுக்கு பத்து ரூபாய்க் காசு பத்து, சின்னவனுக்கு ஐந்து. ஆளுக்கொரு சுருக்குப் பை. இதற்குள் என்ன வேண்டுமோ வாங்கிக்கொள்ளலாம், தீர்ந்தால் தீர்ந்தது, அப்பாவிடம் கேட்கக் கூடாது. பொம்மை மட்டும் கூடாது, அம்மா எழுதிவிட்டாள். சின்னவன் வழியெல்லாம் பையைக் குலுக்கிக்கொண்டே வந்தான். குழந்தை தொலையாமல் இருக்க இதைவிட நல்ல மணி கிடையாது.

துணிக்கடையில் இரண்டு மணி நேரம். அதைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை, போன எல்லாருக்கும் தெரியும். இருபத்திரெண்டு சைஸ் என்றால் இருபத்தி நாலு எடுக்கச் சொல்வார்கள், மேஜை மேல் மலை மாதிரி பிரித்துப் போடுவார்கள், கடைசியில் முதலில் பார்த்ததைத்தான் எடுப்போம். பெரியவள் கருப்பில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தீபாவளிக்குக் கருப்பு எடுத்துக்கொண்டு போனால் எங்கள் மாமியார் மூன்று மாதம் பேச மாட்டார். கத்தரிப்பூ நிறத்துக்குச் சமாதானம் ஆனது. "சாயம் போகவே போகாதும்மா, கேரண்டி" என்றார் துணி எடுத்துப் போட்ட அண்ணன். "போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மொதத் தண்ணியில தனியாப் போட்டு அலசச் சொல்லு பாப்பா, உப்புப் போட்டு" என்றார். கேரண்டி உப்பாகிவிட்டது.

சின்னவன் இதற்குள் தொங்கவிட்ட சுடிதார்களுக்கு அடியில் புகுந்துகொண்டான். அவனைத் தேடி நானும் குனிந்து உள்ளே போனேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கடையே வேறு. முகம் ஒன்றும் தெரியாது. கால்கள், கால்கள், கட்டைப் பைகள், மூக்கில் இடிக்கிற விலைச் சீட்டுகள். நாம் "எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்று மேலே கையைக் காட்டும்போது அதுகள் பார்ப்பது யாரோ ஒருவரின் முழங்காலைத்தான். சூப்பர் மார்க்கெட்காரர்களுக்கு மட்டும் இந்த உயரம் நன்றாகத் தெரியும். பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், நம் இடுப்புக்குக் கீழே, சாக்லேட்டை அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் வரிசையைவிட்டு நகர முடியாது, பிள்ளைக்குக் கை எட்டும்.

நான் அந்தச் சுடிதார் காட்டுக்குள் குந்தியிருந்தபோதுதான், "அப்பா, ஒண்ணுக்கு" என்றான்.

நாலாவது மாடியில் கழிப்பறை. லிஃப்ட் முன்னால் ஒரு கூட்டம். மஞ்சப்பை, பிரித்த துணி, பெரியவள், செருப்பு டப்பா எல்லாவற்றோடும் படியேறினேன். அடைந்துவிட்டோம், மயிரிழையில். கடைவீதிக்குப் பிள்ளைகளோடு போகிற எல்லாருக்கும் ஒரு வரைபடம் மனசுக்குள் இருக்கும். எந்தக் கடையில் எத்தனாவது மாடியில் கழிப்பறை, எங்கே தண்ணீர் வரும், எங்கே சும்மா நுழைந்தால் முறைப்பார்கள் என்று. துணியின் தரத்தைவிட இதைப் பார்த்துக் கடை தேர்ந்தெடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். நானே அதில் ஒருத்தன்.

பாத்திரக்கடையில் கேஸ்கட் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. பழையதை அளவுக்குக் கொண்டுபோயிருந்தேன். ஆனால் அங்கே சின்னவன் ஒரு எவர்சில்வர் புனலைப் பார்த்துவிட்டான். எடுத்து வாயில் வைத்து "ஊ" என்றான். தலையில் கவிழ்த்தான். கண்ணில் வைத்து அக்காவைப் பார்த்தான். விலை 40. சுருக்குப் பையைக் கல்லா மேல் கொட்டினான். கல்லாவில் இருந்தவர் காசை ஒரு விரலால் நகர்த்தி, "பத்து ரூபா காயின் போகாது தம்பி, நோட்டு இருந்தாக் குடுங்க" என்றார். ரிசர்வ் வங்கி 2018-லேயே, பதினாலு விதமான பத்து ரூபாய்க் காசும் செல்லும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைச் சொன்னேன். "எங்களுக்குத் தெரியுதுண்ணே, வாங்குற ஆளு வாங்க மாட்றான்" என்றார். சின்னவன் ஒரு தடவை அவரையும் ஒரு தடவை என்னையும் பார்த்தான். உதடு பிதுங்கத் தொடங்கியது. முதன்முதலாகத் தன் சொந்தக் காசைக் கொண்டுவந்து கொட்டியவனிடம் அது காசே இல்லை என்றால் என்ன செய்வான்? பக்கத்தில் குடம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா, "ஏப்பா, பச்சப் புள்ள ஆசையாக் குடுக்குது, வாங்கிப் போடுவியா" என்று ஒரு சத்தம் போட்டார். வாங்கிப் போட்டார். மிச்சம் ஒரு காசு. பொம்மை வேண்டாம் என்ற உத்தரவு மீறப்படவில்லை. புனல் பொம்மை இல்லை.

விளக்குத்தூண் வந்ததும் ஜிகர்தண்டா. அந்தத் தூண் பிளாக்பர்ன் என்கிற கலெக்டர் ஞாபகமாக வைத்தது. கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து வெளி வீதிகளைப் போட்ட ஆள். இதையும் சொல்ல ஆரம்பித்தேன். பெரியவள் கேட்கவில்லை. கடல்பாசியை ஸ்பூனால் ஓரம் ஒதுக்கி ஐஸ்கிரீமை மட்டும் தின்றுகொண்டிருந்தாள். ஒதுக்கினதெல்லாம் என் வயிற்றுக்கு வந்தது.

எலாஸ்டிக் வாங்கக் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபம் பக்கம் போனோம். எனக்கு அந்த இடம் என்றால் தூணுக்குத் தூண் தையல் மிஷின்தான். ஸ்கூல் மாறுவேடப் போட்டிக்கு என்னைப் பாரதியாராக்கிய கோட்டு, ஒரு யாளிக்குக் கீழே உட்கார்ந்திருந்த தையல்காரர் ஒரு மணி நேரத்தில் தைத்தது. கல் குளிர்ச்சி, மிஷின் சத்தம், எண்ணெய் வாசனை. இப்போது கடைகளை எல்லாம் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அதுதான் நல்லது, தெரியும். இருந்தாலும் பிள்ளைகளிடம் காட்ட எனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. "இங்கதான் அப்பா பாரதியார் ஆனேன்" என்றேன். "எங்க?" என்றான் சின்னவன், புனல் வழியாக.

பெரியவள் அதுவரைக்கும் ஒரு காசும் செலவழிக்கவில்லை. ஒவ்வொரு கடையிலும் நின்று விலை கேட்பாள், யோசிப்பாள், நகர்வாள். கடைசியில், பிளாட்பாரத்தில் தள்ளுவண்டி போட்டிருந்த ஒரு வளையல்கார அக்காவிடம் நின்றாள். பச்சையும் பொன்னும் கலந்த கண்ணாடி வளையல், ஒரு டஜன். அந்த அக்கா அவள் கையை வாங்கி, விரலை ஒடுக்கி அளவு பார்த்து, "எண்பது ரூபா பாப்பா" என்றார்.

என் மகள் முகத்தைச் சுளித்தாள். எனக்கு அந்தச் சுளிப்பு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அடுத்து அவள் வாயைத் திறப்பதற்குள் தெரிந்துவிட்டது, ஆனால் தடுக்க நேரமில்லை.

"என்னாக்கா, அங்கிட்டு அறுபதுக்கே தர்றாங்க."

"எந்தக் கடையில ஆத்தா?" என்றார் வளையல்கார அக்கா, கோபமே இல்லாமல்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி என்னைக் கையைக் காட்டி, "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றாள்.

நடுத்தெருவில் இப்படி நின்றதில்லை நான். அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லா வளக்குறீங்க" என்றார். எண்பது ரூபாய் எண்ணிக் கொடுக்கச் சொன்னேன். எட்டுக் காசையும் ஒவ்வொன்றாக எண்ணி உள்ளங்கையில் வைத்தாள். அந்த அக்கா எல்லாக் காசையும் பேச்சில்லாமல் வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, டஜனுக்கு மேலே ஒரு சோடி சேர்த்துக் கட்டினார். "பொய் சொன்னதுக்கு இல்ல, கேட்ட அழகுக்கு" என்றார்.

வீட்டுக்கு வரும்போது ஏழு மணி. சின்னவன் தோளில் தூங்கிவிட்டான், ஒரு கையில் புனல், ஒரு காலில் லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மனைவி டூட்டி முடிந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தாள். கேஸ்கட்டைப் பார்த்தாள், சரி. எலாஸ்டிக், சரி. புனலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பாவாடையைப் பிரித்து, ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு?" என்றாள்.

விலை 1,150. எண்ணூற்றைம்பது என்பது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வருஷா வருஷம் வருகிற வழக்கம், கல்யாணம் ஆன ஆண்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு, டம்ளர் விளிம்புக்கு மேலே இரண்டு கண்ணாலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிரத்து நூத்தி அம்பது."

"அடேயப்பா" என்றாள் மனைவி. "போன வருஷம் இதே துணிய எண்ணூறுன்னு சொன்னீங்க. ஒரு வருஷத்துல இவ்வளவா ஏறிருச்சு?"

"ஏறித்தான் போச்சு" என்றேன்.

பெரியவள் மிச்சத் தண்ணீரைக் குடித்தாள்.